பெட்ரோல் முள் ஏன் படுத்தே கிடக்கிறது?

அப்பா விட்டுப்போன அம்பாசிடரில் பெட்ரோல் முள் எப்போதும் காலியில்தான் படுத்துக் கிடக்கும். அப்பா அதைக் கண்டுகொண்டதே இல்லை. ஓடிய கிலோமீட்டரை மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு பங்க்கில் நிறுத்திவிடுவார். எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. போன மாதம் திண்டிவனம் தாண்டி, ராத்திரி பத்தரை மணிக்கு வண்டி நின்றுபோனது. பின் சீட்டில் அம்மா. "அப்பா இருந்தா இப்படி நின்னிருக்காதுடா" என்று மட்டும் சொன்னார். மறுநாளே ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

மெக்கானிக் "மீட்டரை மாத்திடலாம் சார்" என்றார். அவசரப்படாதீங்க. முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

டேங்குக்குள் ஒரு மிதவை. அதன் கை ஒரு மின்தடைக் கம்பிமேல் நகரும். பெட்ரோல் ஏற ஏற தடை குறையும், மின்சாரம் கூடும். மீட்டருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு. மின்சாரத்தின் சூட்டில் அது வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. சாவி போட்டதும் முள் சோம்பலாக ஏறுவது இதனால்தான். டேங்க் யூனிட் வழியாக வரும் மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அதுதான் எர்த்.

இனி சோதனை. சாவியை ஆஃப் செய்து, டேங்க் யூனிட்டுக்கு வரும் ஒயரைக் கழற்றினேன். அதோடு நீளமான ஒரு ஒயரைச் சேர்த்து, டேங்கிலிருந்து தள்ளி, பாடியின் வெறும் உலோகத்தில் இறுக்கினேன். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறக்கக் கூடாது. பிறகுதான் சாவியைப் போட்டேன். முள் மெல்ல எழுந்து ஃபுல்லுக்குப் போனது! உடனே ஆஃப் செய்துவிட வேண்டும். முள் அசையாவிட்டால் ஃபியூஸ், ஒயர், மீட்டர் என்று முன்பக்கம் தேடணும். ஏறினால் அவை மூன்றும் நல்லவை, கோளாறு பின்னால்.

(எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் காலி டேங்குக்கு 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். அங்கே எர்த் செய்தால் முள் காலிக்கு வரும்.)

பின்னால் சந்தேகம் இரண்டு. ஒன்று, மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கலாம். இன்னொன்று, எர்த். எளிதானதை முதலில் பார்த்தேன். சாவி ஆஃபில் பழைய ஒயரைத் திரும்ப மாட்டி, யூனிட்டின் உடம்பிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு ஒயர் கொடுத்தேன். சாவி போட்டதும் முள் கால் டேங்குக்கு வந்து நின்றது.

காரணம் அப்புறம்தான் உறைத்தது. பல வருடம் முன்பு டேங்கைக் கழற்றித் துரு நீக்கி பெயிண்ட் அடித்திருந்தார்கள். போல்ட் உட்காரும் இடத்திலும் பெயிண்ட். உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை! அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். அவ்வளவுதான், புது மீட்டர் வாங்கவில்லை.

அப்பாவின் கணக்கு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது அம்மா வண்டியில் ஏறினால் முதலில் எட்டிப் பார்ப்பது முள்ளைத்தான்.