வெளியூர் போனதும் வீட்டு சிசிடிவி ஓபன் ஆகலையா? காரணம் இதுதான்!

வீட்டில் இருக்கும்போது செல்போனில் தெளிவாகத் தெரியும் சிசிடிவி காட்சி, ஊருக்குப் போனதும் வரவில்லையா? கேமரா பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டு இணைய இணைப்புக்குப் பெரும்பாலும் நிரந்தர ஐபி முகவரி கிடையாது. கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி ஆன் ஆனால்கூட அது மாறிவிடலாம். பழைய முகவரியில் தேடும் செல்போனுக்கு கேமரா சிக்காது.

இதற்குத் தீர்வு டிடிஎன்எஸ் சேவை. அதில் ஒரு பெயரைப் பதிவு செய்துவிட்டால், முகவரி மாறும்போதெல்லாம் ரவுட்டரோ டிவிஆரோ புதிய முகவரியை அந்தப் பெயருடன் இணைத்துவிடும். கேமராவுக்கான போர்ட்டையும் ரவுட்டரில் திறக்க வேண்டும்.

அப்படியும் வரலையா? ரவுட்டர் செட்டிங்ஸில் காட்டும் இன்டர்நெட் ஐபி எண் 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று அர்த்தம். அங்கே டிடிஎன்எஸ் கைகொடுக்காது. இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி கேட்கலாம். அல்லது கேமராவுக்கான கிளவுட் ஆப் பயன்படுத்தலாம்.

ஒரு எச்சரிக்கை: திறந்த போர்ட் உங்களுக்கு மட்டுமல்ல, ஹேக்கர்களுக்கும் வாசல்தான். 2016-ல் பரவிய 'மிராய்' மால்வேர், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களிலும் ரவுட்டர்களிலும்தான் புகுந்தது. அதனால முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க!