மாங்கனிக்கு எதுகை

நுழையும்முன்

பாப்புனைய முனைவோர்க்குக் கருத்து முதலில் தோன்றும். அக்கருத்தை அடியில் அமர்த்தும்போது, ஒரு சொல்லுக்கு இயைந்த ஓசையுடைய மற்றொரு சொல் தேவைப்படும். அச்சொல்லை எங்கே தேடுவது? கிடைத்த சொற்களுள் எதனை ஏற்பது, எதனை விடுப்பது? முக்கனிகளுள் முதலாவதான மாங்கனியின் பெயரை எடுத்துக்கொண்டு, அதற்குரிய எதுகைச் சொற்களைத் தேடும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

கனியால் அளந்த யாப்பு

தமிழ் யாப்பிலக்கணத்திற்கும் கனிகளுக்கும் உள்ள உறவு பழமையானது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறும் செய்யுளின் உறுப்புகள். அவற்றுள் சீர்களை நினைவிற்கொள்ள இலக்கண ஆசிரியர்கள் தேர்ந்தவை மரங்களின் பெயர்களே. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்பன ஈரசைச்சீர்களின் வாய்பாடுகள். மூவசைச்சீர் நேரசையில் முடிந்தால் ‘காய்’ என்றும், நிரையசையில் முடிந்தால் ‘கனி’ என்றும் வழங்கப்படும். தேமாங்காய், தேமாங்கனி என்பன அவ்வாறு அமைந்தவை.

மாங்கனி என்னும் சொல்லையே அலகிட்டால், ‘மாங்’ நேரசை, ‘கனி’ நிரையசை. ஆகவே அது கூவிளச்சீர். மாம்பழமும் கூவிளமே. பலாப்பழம் என்பது நிரை நிரை என வந்து கருவிளம் ஆகும். வாழைப்பழமோ நேர் நேர் நிரை என வந்து தேமாங்கனி வாய்பாட்டைப் பெறும். வாழையின் பழம் யாப்பில் மாங்கனியாகிவிடுவது சுவையான செய்தி. வெண்பாவில் கனிச்சீர் வாராது. எனவே வாழைப்பழம் என்னும் சொல் வெண்பாவில் ஒரே சீராக நிற்க இயலாது. இரு சீர்களாகப் பிரிந்தே இடம்பெறும்.

எதுகையின் இலக்கணம்

அடிகளிலோ சீர்களிலோ முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை. முதல் எழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. அடியின் இறுதியில் எழுத்தோ அசையோ சீரோ ஒன்றி வருவது இயைபு. ஆங்கிலப் பாக்களில் அடி இறுதி ஒன்றுதலே பெருவழக்கு. அது தமிழின் இயைபோடு ஒப்பிடத்தக்கது. தமிழ்ச் செய்யுளிலோ அடியின் தொடக்கத்தில் ஓசை ஒன்றுதலே சிறப்பிடம் பெற்றது. ஆகவே ஒரு சொல்லுக்கு ஒத்த ஓசையைத் தேடும் தமிழ்ப் பாவலரின் கவனம் முதலில் செல்வது அச்சொல்லின் தலைப்பகுதிக்கே.

எதுகை இலக்கணத்தில் ‘அளவொத்து’ என்னும் சொல்லை மாணவர் பலர் மறந்துவிடுகின்றனர். முதல் எழுத்துக் குறிலாயின் அதற்கு எதுகையாக வரும் சொல்லின் முதல் எழுத்தும் குறிலாக இருத்தல் வேண்டும். நெடிலாயின் நெடிலாகவே இருத்தல் வேண்டும். வாழை, தாழை, பேழை, ஏழை என்பன தம்முள் எதுகையாகும். மழை, தழை, பிழை, இழை என்பன தம்முள் எதுகையாகும். ஆனால், வாழையும் மழையும் எதுகையாகா. இரண்டாம் எழுத்து இரண்டிலும் ‘ழை’ என ஒன்றியபோதும், முதல் எழுத்தின் மாத்திரை வேறுபடுவதால் காதில் விழும் ஓசை மாறிவிடுகிறது. அவ்வாறே ‘செங்கனி’ என்பது மாங்கனிக்கு எதுகையன்று. தீங்கனி என்பதே எதுகை.

புணர்ச்சி தந்த எழுத்து

மாங்கனி என்னும் சொல்லின் எதுகை எழுத்து ஙகர மெய். இவ்வெழுத்து எங்கிருந்து வந்தது? மரத்தின் பெயர் ‘மா’ என்பதே. மா என்பதனோடு கனி சேர்ந்தபோது, வருமொழியின் முதலிலுள்ள ககரத்திற்கு இனமான ஙகரம் இடையே தோன்றி, மாங்கனி ஆயிற்று. பழம் சேர்ந்தபோது பகரத்திற்கு இனமான மகரம் தோன்றி, மாம்பழம் ஆயிற்று. சில மரப்பெயர்களின் முன் வல்லினம் வரும்போது அதற்கு இனமான மெல்லெழுத்துத் தோன்றும் என்பது நன்னூல் கூறும் புணர்ச்சி விதி. பலாவும் வாழையும் இவ்வாறன்றி வல்லெழுத்து மிகுந்து, பலாப்பழம், வாழைப்பழம் என வரும்.

மாவோடு ‘இன்’ சேரும்போது வகர உடம்படுமெய் தோன்றி, ‘மாவின்’ என்றாகும். ஆகவே ஒரே கனியைக் குறிக்க மாங்கனி, மாம்பழம், மாவின் கனி என மூன்று வடிவங்கள் பாவலர் கையில் உள்ளன. பொருள் ஒன்று, எதுகை எழுத்தோ மூன்று. ஒவ்வோர் எழுத்தும் தனக்கெனத் தனியொரு சொற்குடும்பத்தை அழைத்து வருகிறது.

மூன்று சொற்குடும்பங்கள்

முதலாவது ஙகர எதுகை. நெடிலை முதலாகவும் ஙகரத்தை இரண்டாவதாகவும் கொண்ட சொற்களை, உயிரெழுத்துகளையும் உயிர்மெய்களையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்துத் தேடலாம். ஆங்கு, ஈங்கு, ஏங்கு, ஓங்கு, தாங்கு, தீங்கு, தூங்கு, தேங்கு, நீங்கு, பாங்கு, வாங்கு, வீங்கு, மூங்கில், வேங்கை, பூங்கா, தேங்காய், வேங்கடம் எனப் பட்டியல் நீளும். ஙகர மெய்யின் பின் ங்ங என அதுவே இரட்டித்தல் அன்றி, வேற்றெழுத்துகளுள் ககரம் மட்டுமே வரும். எனவே ஙகர எதுகையில் இரண்டாம் எழுத்தோடு மூன்றாம் எழுத்தின் ககர ஓசையும் பெரும்பாலும் ஒன்றிவிடுகிறது. இதனால் இவ்வெதுகை செவிக்கு நிறைவாக ஒலிக்கிறது.

இரண்டாவது மகர எதுகை. மாம்பழம் என்னும் வடிவத்திற்குக் காம்பு, வேம்பு, பாம்பு, ஆம்பல், சாம்பல், சோம்பல், கூம்பு, தேம்பு, ஓம்பு, மேம்பாடு, பூம்பொழில், தீம்பால் ஆகியன துணையாகும்.

மூன்றாவது வகர எதுகை. மாவின் என்பதற்கு நாவின், பாவின், பூவின், காவின் ஆகியன முழுதும் ஒன்றும். மேவி, கூவி, தூவி, காவிரி, ஓவியம், காவியம் என்பனவும் பொருந்தும். நாவல், சேவல், பாவலன் முதலியவற்றில் இரண்டாம் எழுத்து வகர வருக்கத்தைச் சார்ந்திருப்பதால் அவை வருக்க எதுகையாகும்.

மூன்று பட்டியல்களையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதற்பட்டியலில் ஓங்குதல், தாங்குதல், ஏங்குதல் எனச் செயலும் உணர்வும் மிகுந்துள்ளன. மலையும் சோலையும் தென்படுகின்றன. இரண்டாவதில் காம்பும் வேம்பும் ஆம்பலும் எனத் தோட்டத்துப் பொருள்கள் மிகுந்துள்ளன. மூன்றாவதில் நாவும் பாவும் காவியமும் எனக் கலை சார்ந்த சொற்கள் நிற்கின்றன. கனியின் எவ்வடிவத்தைத் தேர்வது என்று முடிவு செய்யும்போதே, பாடல் எத்திசையில் செல்லும் என்பதும் ஓரளவு முடிவாகிவிடுகிறது.

எடுத்துக்காட்டுகள்

இதனை விளக்க, ஒரே கனியைப் பற்றி இக்கட்டுரைக்கென அமைந்த மூன்று குறள் வெண்பாக்களைக் காணலாம்.

மாங்கனி தாங்கி வளைந்த சிறுகிளை
ஓங்கிய தோப்பின் சிறப்பு.

இதில் மாங்கனி, ஓங்கிய என்பன அடியெதுகை. முதலடியில் மாங்கனி, தாங்கி என முதலிரு சீர்கள் ஒன்றுவது இணையெதுகை. மகரமும் வகரமும் மோனைக்கு இனவெழுத்துகள் ஆதலின், மாங்கனி, வளைந்த என முதற்சீரும் மூன்றாம் சீரும் பொழிப்பு மோனை பெற்றன. உயரமான தோப்பின் பெருமை, கனியின் சுமையால் தாழ்ந்த கிளையில் இருக்கிறது என்பது கருத்து. ‘தாங்கி’, ‘ஓங்கிய’ என்னும் எதுகைச் சொற்களே இக்கருத்தின் இரு முனைகளாக அமைந்துள்ளன.

மாம்பழம் காம்பில் மணக்கும் வரைபொறுத்தோர்
தேம்பி அழுதல் இலர்.

இங்கு எதுகை மகரத்திற்கு மாறியது. கருத்தும் பொறுமையை நோக்கித் திரும்பியது. மாம்பழம், மணக்கும், வரைபொறுத்தோர் என ஒன்று, மூன்று, நான்காம் சீர்களில் மோனை வருவதால் இது மேற்கதுவாய் மோனை.

மாவின் கனிச்சுவை மாந்திய பாவலன்
நாவின் பிறக்கும் தமிழ்.

மாவின், நாவின் என முதற்சீர்கள் முதல் எழுத்து நீங்கலாக முழுதும் ஒன்றுவதால் இது தலையாகு எதுகை. முதலடியில் மாவின், பாவலன் என முதற்சீரும் நான்காம் சீரும் வருக்கத்தால் ஒன்றி ஒரூஉ எதுகையாயின.

தலையாகு எதுகை கிடைப்பது எளிதன்று. மாங்கனி என்பதற்குத் தீங்கனி என்பது உடனே தோன்றும். ஆனால் அங்கும் ‘கனி’ என்னும் அதே சொல்லே திரும்ப வருகிறது. புணர்ச்சியை நன்கறிந்த பாவலர்க்கு வேறு வழிகளும் உண்டு. பாங்கன் என்பது வேற்றுமை உருபு ஏற்றுப் ‘பாங்கனிடம்’ ஆகும்போது மாங்கனியோடு இசைகிறது. ‘ஈங்கு’ என்பதனோடு ‘அனிச்சம்’ சேர்ந்து ‘ஈங்கனிச்சம்’ ஆகும்போதும் அவ்வாறே. தனிச் சொல்லில் இல்லாத எதுகையைச் சொற்களின் சேர்க்கை தருகிறது.

தெரிந்து தெளிவோம்

எதுகை தேடுவோர்க்கு உதவும் நூல்கள் தமிழில் பல நூற்றாண்டுகளாக உள்ளன. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அதன் சொற்கள் எதுகை வரிசையில் அமைக்கப்பட்டுள்ளன. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. அவற்றுள் தொடையகராதி, தொடைக்குரிய சொற்களைத் திரட்டித் தருவது.

ஓசையும் உண்மையும்

எதுகைப் பட்டியல் கையில் இருப்பதால் மட்டும் பாடல் அமைந்துவிடாது. மாந்தோப்பைப் பாடத் தொடங்கும் ஒருவர், முதலடியை ‘மாங்கனி’ என்று தொடங்கிவிட்டு, இரண்டாமடிக்கு ‘வேங்கை’ என்னும் சொல்லைத் தேர்வதாகக் கொள்ளலாம். வேங்கை புலியாயின், ஊர்ப்புறத்து மாந்தோப்பில் அதற்கு என்ன வேலை? எதுகைக்காக மட்டும் இழுத்துவரப்பட்ட புலி, பாடலின் உண்மையை விழுங்கிவிடும். அதே சொல் வேங்கை மரத்தைக் குறிக்குமாயின், மலைச்சாரலில் மாவும் வேங்கையும் அருகருகே நிற்கும் காட்சி இயல்பாக அமையும். எழுத்து அதுவே, எதுகை அதுவே. பொருளின் பொருத்தமே ஒன்றைக் குறையாகவும் மற்றொன்றை நிறையாகவும் ஆக்குகிறது.

கனியின் பெயர் அடியின் இறுதியில் நின்றால் தேடல் வேறாகும். அப்போது தேவைப்படுவது இயைபு. இனி, பனி, தனி, முனி, நனி என்பன அங்கே துணைநிற்கும். எனவே எழுதத் தொடங்குமுன் அச்சொல் அடியின் தலையில் நிற்கிறதா, இறுதியில் நிற்கிறதா என்பதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிற நிலங்களிலிருந்து வந்த கனிகளுக்கும் இம்முறை பொருந்தும். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அன்னாசியும் பப்பாளியும் கொய்யாவும் தமிழ்நாட்டில் வேரூன்றியபின், அவற்றின் பெயர்களும் தமிழ் ஓசைக்குள் வந்துவிட்டன. அன்னாசிக்குக் கன்னல், மின்னல், பொன்னி என்பன எதுகை. பப்பாளிக்கு முப்பால், ஒப்புரவு, செப்பு என்பன எதுகை. கொய்யாவுக்குப் பொய்யா, செய்யா, பெய்யா எனப் பல உண்டு. பறிக்கப்படாத என்னும் பொருளில் ‘கொய்யா’ என ஓர் எதிர்மறை வடிவம் தமிழில் இருத்தலால், அக்கனியின் பெயர் பாவலர்க்குச் சிலேடை வாய்ப்பையும் தருகிறது. மறுபுறம், மாவின் பெயரும் கடல் கடந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘மேங்கோ’ என்னும் சொல், தென்னிந்திய மொழிகளில் வழங்கிய மாங்காய் என்பது போன்ற சொல்லிலிருந்து போர்த்துக்கீசிய மொழியின் வழியே சென்றது என்பர். அம்மொழிப் பாவலர் அதற்கு ஒத்த ஓசையை ஈற்றில் தேடுவர். தமிழ்ப் பாவலர் தலையில் தேடுவர்.

எதுகை தேடும் பயிற்சி, சொல்வளத்தைப் பெருக்குகிறது. புணர்ச்சி விதியைக் கண்முன் நிறுத்துகிறது. குறில் நெடில் வேறுபாட்டைக் காதுக்குப் பழக்குகிறது. இவை அனைத்தினும் மேலாக, முதலில் தோன்றிய சொல்லை உடனே ஏற்காமல், பொருளோடு பொருந்தும் சொல் வரும்வரை காத்திருக்கக் கற்பிக்கிறது. பிஞ்சில் பறித்த காய் கனியின் வடிவைப் பெற்றிருக்கும்; சுவையைப் பெற்றிராது. ஓசைக்காக மட்டும் பறித்த சொல்லும் அத்தகையதே.