கிணத்துல கத்துக்கிட்ட மூச்சு கடலுக்கு ஆகாது: ஸ்கூபா தொடங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு கிணறு இருக்கும். எனக்கும் இருந்தது. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி மாமா தள்ளிவிட்டார். ரெண்டு கோடை லீவில் குடுக்கை போச்சு. மூணாவது கோடையில் அடிமண் எடுக்கிற போட்டிக்கு வந்துவிட்டேன். பம்ப்செட் ரூம் மேலேயிருந்து குதித்து, தரையைத் தொட்டு, கை நிறைய சேற்றோடு மேலே வரணும். வெறுங்கையோடு வந்தால் அந்த வாரம் முழுக்கக் கிண்டல். நல்ல மழை பெய்த வருஷத்தில் தண்ணீர் 15 அடி இருக்கும்.

அதனால் 43 வயதில் ஸ்கூபா கற்றுக்கொள்ள புதுச்சேரிக்குப் போனபோது எனக்குக் கொஞ்சம் தெனாவட்டு உண்டு. (ரெண்டு ஊரிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர்தான், இத்தனை வருஷம் அங்கே எதற்கெல்லாமோ போனோம், கடலுக்குள் மட்டும் போகவில்லை.) பயிற்சியாளர் மீனவக் குடும்பத்துப் பையன், என்னைவிட இருபது வயது சின்னவர். கிணத்துக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். "அப்படின்னா உங்களைத்தான் சார் நான் கூடுதலா பாத்துக்கணும்" என்றார்.

ஏன் என்று நீச்சல் குளத்தில் பத்து நிமிஷத்திலேயே தெரிந்தது. ஆழம் ஒன்றரை மீட்டர்தான். வாயில் ரெகுலேட்டர், முதுகில் காற்று. ஆனாலும் ஒவ்வொரு அசைவுக்கு முன்னாலும் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷப் பழக்கம். அவர் என் நெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மேலே வந்ததும், "மூச்சை அடக்குறதுதான் சார் இங்க பெரிய தப்பு. மத்த எல்லாம் அப்புறம்" என்றார்.

இதன் பின்னால் இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான். கடல் மட்டத்தில் நம் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று சேரும். கிணற்றில் மூச்சடக்கி முங்குபவன் மேலேயே காற்றை இழுத்துக்கொண்டு போகிறான். கீழே போகப் போக அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதைத் தாண்டாது. ஸ்கூபாவில் அப்படி இல்லை. கீழே உள்ள அழுத்தத்திலேயே நுரையீரல் நிரம்புகிறது. 10 மீட்டர் ஆழத்தில் 5 லிட்டர் காற்றை நிரப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 10 லிட்டராக விரிய வேண்டும். நுரையீரலில் அதற்கு இடம் இல்லை. சவ்வு கிழிந்து காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். நுரையீரல் நிறைய காற்றோடு இருந்தால் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஏற்றமே இதற்குப் போதும். அதாவது எங்கள் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்கூட வேண்டாம். என் அடிமண் திறமை அங்கே எனக்கு எதிராகத்தான் வேலை செய்தது.

கிணத்துப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஸ்கூபாவுக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். முங்குவதற்கு முன் ஆறேழு தடவை ஆழமாக இழுத்து இழுத்து விடுவோமே, "காத்து ஏத்திக்கிறது" என்று நினைத்துக்கொண்டு. அதில் ஆக்சிஜன் பெரிதாக ஏறுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம் என்று அர்த்தம். மூச்சு முட்டாமலேயே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள் மயங்கலாம். நீச்சல் நன்றாகத் தெரிந்த பையன்கள் திடீரென மூழ்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிணத்துப் பக்கம் போனால் இதை ஒருமுறை சொல்லுங்கள்.

சரி, சாமான் விஷயத்துக்கு வருவோம். என் முதல் தப்பு, வகுப்புக்குப் போவதற்கு முன்பே ஆன்லைனில் ஒரு மாஸ்க் வாங்கியது. விமர்சனங்களில் நல்ல நட்சத்திரம், நல்ல தள்ளுபடி. தண்ணீரில் இறங்கினால் ஒழுகுது. இன்னும் இறுக்கினேன், இன்னும் ஒழுகுது. மாஸ்க்கைப் பொறுத்தவரை விலையும் பிராண்டும் ரெண்டாம் பட்சம், உங்கள் முகத்தில் உட்காருகிறதா என்பதே கேள்வி. சோதிப்பது சுலபம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை இழுத்து, கையை எடுத்துவிடுங்கள். இழுத்த காற்றை விடாதவரை விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதற்காகவே கடையில் நேரில் வாங்கச் சொல்வேன். விளிம்பு சிலிக்கானாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். கண்ணாடி டெம்பர்ட் கண்ணாடியாக இருக்க வேண்டும். மூக்கை வெளியிலிருந்து விரலால் பிடிக்க முடிய வேண்டும்.

நீச்சல் கண்ணாடி ஏன் ஆகாது என்பதற்கும் அந்த மூக்கில்தான் பதில் இருக்கிறது. கிணற்றில் எட்டு, பத்து அடி போனதும் காது வலிக்குமே, அது செவிப்பறையை வெளி அழுத்தம் உள்ளே தள்ளுவதால். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் உள்ளேயிருந்து காற்று போய்ச் சமன் செய்யும். வலி வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒருமுறை, இதைச் செய்ய வேண்டும். வலி வந்தபின் ஊதினால் குழாய் ஏற்கெனவே அடைத்திருக்கும். கொஞ்சம் மேலே வந்துதான் மறுபடி முயலணும். மாஸ்க்குக்குள் இருக்கிற காற்றையும் மூக்கால் கொஞ்சம் ஊதிச் சமன் செய்ய வேண்டும். மூக்கை மூடாத கண்ணாடியில் அதைச் செய்ய வழியில்லை, கண்ணைப் பிடித்து உறிஞ்சிவிடும். சளி இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.

எனக்கு ஒழுகியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மீசை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் சிலிக்கான் தோலில் ஒட்டணும், அங்கே முடி இருந்தால் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டின மாதிரி. முழுதாக எடுக்க வேண்டியதில்லை. மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு மேல்பக்கம் மழித்தால் போதும். வீட்டில் கேட்டார்கள், சமாளித்தேன்.

கண்ணாடி போடுபவர்களுக்கு: பவர் லென்ஸ் மாட்டக்கூடிய மாஸ்க்குகள் கிடைக்கின்றன. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் லேசான பவர் உள்ளவர்கள் பலர் சும்மாவே சமாளிக்கிறார்கள். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் என்ன செய்தாலும் பனி மூடும். அதற்குப் பிறகு எச்சில் போதும், அருவருப்பு இருந்தால் பேபி ஷாம்பு. முகம் முழுவதையும் மூடுகிற ஸ்நார்க்கல் மாஸ்க் ஒன்று இப்போது எங்கும் விற்கிறது; அது ஸ்கூபாவுக்கு இல்லை.

மாஸ்க்குக்கு அப்புறம்? ஃபேனுக்கு இருக்கிற ரெகுலேட்டர் அல்ல, கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை அதேதான். முதுகில் இருக்கும் சிலிண்டரில் அழுத்தம் சுமார் 200 பார், கார் டயரைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. அதை ரெண்டு கட்டமாகக் குறைத்து, நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சரியாக, இழுக்கும்போது மட்டும் தருவதுதான் ஸ்கூபா ரெகுலேட்டர். 1943ல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய அக்வாலங்கின் அடிப்படை இன்னும் மாறவில்லை. வருஷாவருஷம் சர்வீஸ் செய்ய வேண்டிய கருவி இது. விலை பல பத்தாயிரங்கள். விழுப்புரத்தில் வைத்துக்கொண்டு எங்கே போய் சர்வீஸ் செய்வது? வாடகைக்கே எடுங்கள். மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற பிசிடி என்ற சட்டைக்கும் இதே பதில்.

சிலிண்டர் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் இருப்பது ஆக்சிஜனும் அல்ல; செய்தித்தாளில் எப்போதும் ஆக்சிஜன் சிலிண்டர் என்றே போடுகிறார்கள். சுத்தமான ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே வலிப்பு வரவழைக்கக்கூடிய நஞ்சு. உள்ளே இருப்பது வடிகட்டி, ஈரம் நீக்கி அமுக்கிய சாதாரணக் காற்று. கணக்கு போட்டுப் பார்ப்போம். பொதுவான அலுமினியச் சிலிண்டர் 11 லிட்டர். 200 பாரில் 2200 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக விட்டால் 1650. நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டரில் இரு மடங்கு, 40 லிட்டர் செலவழிப்பார். 41 நிமிஷம் வரும். 20 மீட்டரில் மூன்று மடங்கு, 27 நிமிஷம்தான். பயத்தில் 30 லிட்டர் இழுக்கும் புதியவருக்கு 10 மீட்டரிலேயே 27 நிமிஷம். நான் அந்த ரகம். என்ன சாமான் வாங்கினாலும் இது மாறாது, நிதானம் வந்தால் மாறும்.

உடுப்புக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். நம் கடலுக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் தாராளம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும், ஜெல்லி மீன் தொல்லையும் உண்டு, அதனால் கை கால் மூடியதாக எடுங்கள். ஃபின்ஸ் காலுக்குப் பொருந்தினால் சரி.

ரெண்டாவதாகக் காசு போட்டது டைவ் கம்ப்யூட்டருக்கு. கையில் கடிகாரம் மாதிரி. ஆழத்தில் நைட்ரஜன் உடலில் கரைந்துகொண்டே போகும். சீக்கிரம் மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழாகும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோகும். எவ்வளவு கரைந்திருக்கிறது, எவ்வளவு நேரம் பாக்கி, ஏறும் வேகம் சரியா என்று கணக்கு வைப்பது இந்தக் கருவி. முதல் முறை இறங்கும்போது பொதுவாகக் காற்றுதான் முதலில் தீரும். அடுத்தடுத்து இறங்கும்போதுதான் இந்தக் கணக்கு முக்கியமாகிறது. வாங்கினால் பெரிய எழுத்து உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும், நான் முதலில் பார்த்த மாடலில் 3ம் 8ம் ஒன்றாகத் தெரிந்தது.

இங்கே பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டைவிங் முடித்துவிட்டு உடனே விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஒரு டைவுக்குப் பின் 12 மணி நேரம், பலவற்றுக்குப் பின் 18 மணி நேரம் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. அது 2000 முதல் 8000 அடி உயர அழுத்தத்துக்கான கணக்கு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி! பஸ்ஸில் போனாலும் உயரம் உயரம்தான். ஞாயிறு மதியம் ரெண்டாவது டைவை முடித்து ராத்திரி பஸ் ஏறினால், கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் விடியற்காலையிலேயே ஏறிக்கொண்டிருப்போம், 18 மணி நேரம் ஆகியிருக்காது. தெரியாமல் ரெண்டு தடவை அப்படித்தான் போனேன், ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம். இப்போது சனிக்கிழமை இறங்குகிறேன். ஞாயிறு திண்டிவனம் வீட்டில் தூக்கம். நமது ரெண்டு ஊரும் தாழ்வான சமவெளி என்பதால் அன்றே வீடு திரும்பலாம்.

பயிற்சி பற்றி: மாதிரிக்கு ஒருமுறை பயிற்சியாளரோடு இறங்கிப் பார்க்கலாம், 12 மீட்டர் வரை. பிடித்திருந்தால் ஓப்பன் வாட்டர் சான்றிதழ், மூன்று நாலு நாள், 18 மீட்டர் வரை. பாடி, எஸ்எஸ்ஐ என்று நிறுவனங்கள் உண்டு (நம்ம ஊரில் எஸ்எஸ்ஐ என்றால் போலீஸ்காரர்). எது என்பதைவிட யார் சொல்லித்தருகிறார் என்பதே முக்கியம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, பக்கத்து அழுத்த அறை எங்கே என்று கேளுங்கள். அந்த ஆக்சிஜன் மட்டும் உண்மையிலேயே ஆக்சிஜன். கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் இறங்க வேண்டாம். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, பிரஷர், சுகர், காது ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள். 45 வயதுக்கு மேல் தனிக் கேள்விகளே இருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழையில் போகாதீர்கள். செஞ்சிப் பக்கம் புறப்படும் சங்கராபரணி புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேருகிறது; நம் மாவட்டத்து மண்ணே கடலைக் கலக்கி வைத்திருக்கும். கை நீட்டினால் விரல் தெரியாது, கிணத்து அடிமண் மாதிரி.

என் பையில் இப்போது இருப்பது ரெண்டாவதாக வாங்கிய மாஸ்க், ஒரு ஸ்நார்க்கல், கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ரெகுலேட்டர் வாங்கலாமா என்று இந்த வருஷமும் யோசித்தேன். வருஷத்துக்கு ஆறு தடவைதான் இறங்குகிறேன். வேண்டாம்.