லேப் சர்வர்ல உங்க மெசேஜ் யாருக்குப் போகுது?

நெட்வொர்க்ஸ் லேப்ல டிசிபி எக்கோ புரோகிராம் எல்லாரும் போட்டிருப்பீங்க. கிளையண்ட்ல ‘வணக்கம்’னு அடிச்சா சர்வர் அதையே திருப்பி அனுப்பணும். திரையில ‘வணக்கம்’ வந்தாச்சு, ரெக்கார்டுலயும் எழுதியாச்சு. ஆனா பதில் சொன்னது உங்க சர்வர்தானா? பக்கத்து சீட்டு நண்பரோட சர்வராகவும் இருக்கலாம்!

வகுப்பு மொத்தமும் ஒரே லினக்ஸ் சர்வர்ல லாகின் பண்ணி வேலை செய்யும்போது இது எளிதா நடக்கும். ஐபி முகவரி ஊர்ப் பெயர் மாதிரி. போர்ட் எண் கதவு எண் மாதிரி. ‘ஸ்ரீமுஷ்ணம்’னு மட்டும் எழுதின தபால் ஊர் வரைக்கும்தான் வரும். வீடு சேரணும்னா கதவு எண் வேணும். லேப்லயோ எல்லாரும் 8080-ன்னே போடுறோம். முதல்ல வந்தவருக்குத்தான் அந்தக் கதவு.

அடுத்து வர்றவரோட ‘பைண்ட்’ அழைப்பு தோற்று -1 திருப்பும். சி புரோகிராம்ல அதைச் சரிபார்க்காம விட்டா, அடுத்த வரியில ‘லிசன்’ ஓடும். லினக்ஸ் தானாகவே வேறொரு காலி போர்ட்டைக் கொடுத்துடும். ‘சர்வர் தயார்’னு பிரிண்டும் ஆகும். ஆனா கிளையண்ட் 8080-க்குப் போய் நண்பரோட சர்வர்கிட்ட பேசும். 127.0.0.1 போட்டாலும் தப்பிக்க முடியாது. அது மெஷினுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு இல்லை.

எக்கோவுக்கு இது பரவாயில்லை. லாகின் புரோகிராம் எழுதி, உங்க நிஜ பாஸ்வேர்டை அடிச்சுப் பார்த்தா? அது அப்படியே இன்னொருத்தர் திரையில தெரியும்.

இது பழைய கவலைதான். சாக்கெட் முறை 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டியோட பரவலாச்சு. அப்போ ஒரு மெஷினைப் பலர் பகிர்ந்துக்கிட்டாங்க. யாரும் போலி லாகின் சர்வீஸ் திறந்து ஏமாத்தக் கூடாதுன்னுதான் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை ரூட் மட்டுமே திறக்கலாம்னு பெர்க்லி யூனிக்ஸ் விதி வெச்சது. அதுக்கு மேலே அந்தக் காவல் கிடையாது. நாமதான் பார்த்துக்கணும்.

என்ன செய்யலாம்?

1. 20000-உடன் உங்க ரோல் நம்பரின் கடைசி மூணு இலக்கத்தைக் கூட்டுங்க. 047-ன்னா 20047. லினக்ஸ் தற்காலிகமா எடுத்துக்கிற போர்ட்டுகள் வழக்கமா 32768-ல தொடங்கும். அதோட மோதல் வராது.

2. பைண்ட் தோற்றா, பிழையைக் காட்டிட்டு புரோகிராமை நிறுத்துங்க.

3. சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினா ‘முகவரி பயன்பாட்டில் உள்ளது’ன்னு வருதா? பழைய இணைப்பு லினக்ஸ்ல 60 விநாடி காத்திருக்கும். ‘ரியூஸ் அட்ரஸ்’ ஆப்ஷனைப் போட்டா போதும்.

4. எக்கோ பதிலோட உங்க ரோல் நம்பரையும் சேர்த்து அனுப்புங்க. யார் பேசுறாங்கன்னு தெரிஞ்சுடும்.

5. சோதனைக்கு நிஜ பாஸ்வேர்டு வேண்டவே வேண்டாம்.

அடுத்த லேப்ல அவுட்புட் வந்ததும் ரெக்கார்டை எடுக்காதீங்க. முதல்ல உங்க சர்வரை நிறுத்திட்டு கிளையண்டை ஓட்டிப் பாருங்க. அப்பவும் பதில் வந்தா, அது உங்க சர்வர் இல்லை!