கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணி... ஆனா ஆத்துல விடக்கூடாது! ஏன்?

சிங்கப்பூரில் ஏதாவது ஒரு கட்டட சைட்டில் மழை கொட்டினால், தோண்டின பள்ளத்தில் டீ கலரில் தண்ணீர் நிற்கும். மோட்டார் போட்டு பக்கத்துக் கால்வாயில் தள்ளிவிடலாமே? முடியாது. அந்த நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை, 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகுது. அங்கே ரொம்ப நீளமான காலாங் ஆறு, மரீனா நீர்த்தேக்கத்தில்தான் கலக்குது. சைட்டில் கிளம்புற சேறு, நேரா குடிதண்ணியில போய் விழும்னு அர்த்தம்.

அதனால சட்டம் கறார். கால்வாயில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் துகள் மிதக்கக் கூடாது. ஒரு சிட்டிகை மண்ணைவிடக் குறைவு! சைட்டின் தண்ணீர் வெளியேறும் இடத்தைப் பார்த்தபடி கேமராவும் இருக்கும்.

தொட்டியில் தேக்கினா சேறு தானா அடியில தங்கிடாதா? மணல் தங்கிடும். வில்லன் களிமண்தான். 2 மைக்ரான் களிமண் துகள், அசையாத தண்ணீரில்கூட ஒரு மீட்டர் இறங்க மூணு நாளுக்கு மேல ஆகும். அந்தத் துகள்களின் மேற்பரப்பில் நெகட்டிவ் சார்ஜ் இருக்குறதால ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே மிதக்கும். மூணு நாள் காத்திருந்தா, அதுக்குள்ள அடுத்த மழை வந்துடும்.

இதுக்கு நம்ம பாட்டிகள்கிட்ட ஒரு வழி இருந்துச்சு. கலங்கின தண்ணியில படிகாரம் போடுவாங்க. பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைப்பாங்க. சைட்டில் அதே வேலையை பாலி அலுமினியம் குளோரைடு செய்யுது. அதோட பாசிட்டிவ் சார்ஜ், துகள்களின் தள்ளுமுள்ளை அடக்கிடும். கூடவே கொஞ்சம் பாலிமர் சேர்த்தா, எல்லாம் பஞ்சு மாதிரி திரண்டு சில நிமிஷத்துல உட்கார்ந்துடும். அளவு முக்கியம், சில வகை பாலிமர் கூடிப்போனா மீனோட செவுளைப் பாதிக்கும். மேல நிக்கிற தண்ணி ஃபில்டர் வழியா போகும். கலங்கல் அளக்கும் சென்சார் ஓகே சொன்னாதான் வெளியே; இல்லைன்னா திரும்ப முதல் தொட்டிக்கே.

இது கண்ணுக்குத் தெரியுற அழுக்கு. தெரியாதது சிமென்ட். கான்கிரீட் லாரியைக் கழுவின தண்ணீரைத் தெளிய வெச்சா பளிச்சுனு இருக்கும். ஆனா அதோட பிஎச் 12-ஐத் தாண்டலாம். பிஎச் ஒரு எண் ஏறினா, காரத்தன்மை 10 மடங்கு ஏறுது. நல்ல தண்ணியின் 7-லிருந்து 12-க்குப் போறது ஒரு லட்சம் மடங்கு! தொழிலாளி கையில் பட்டா தோல் புண்ணாகும். மீனுக்கு செவுள் போச்சு. இது கரைஞ்ச விஷயம்ங்கிறதால மணல் ஃபில்டரால ஒண்ணும் பண்ண முடியாது.

ஆசிட் ஊத்தலாம்தான். ஆனா கொஞ்சம் கூடினா தண்ணி சட்டுனு அமிலமாகிடும். அதனால பல சைட்களில் கார்பன் டை ஆக்சைடைக் குமிழியா விடுறாங்க. ஆமா, சோடாவில் இருக்குற அதே வாயு! அது உண்டாக்கும் அமிலம் பலவீனமானது. கூடிப்போனாலும் பெரிய ஆபத்தில்லை. கரைஞ்சிருந்த சுண்ணாம்பும் வெள்ளைத் தூளா பிரியும். அந்தத் தூளையும் பிடிக்கணும்ங்கிறதால, இந்த வேலை தெளிய வைக்கிறதுக்கு முன்னாடியே முடியணும். வெளியே விடும்போது பிஎச் 6-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கணும்.

அடியில தங்கின சேற்றைப் பிழிஞ்சு, கட்டியாக்கி லாரியில ஏத்திடுவாங்க. சுத்தமான தண்ணியில ஒரு பங்கை சைட் வாசல்ல லாரி டயர் கழுவவும் பயன்படுத்தலாம். டயரில் ஒட்டின சேறு ரோட்டுக்கு வந்தா, அடுத்த மழையில அதே கால்வாய்க்குத்தானே போகும்?