எண்கள் சொல்லும் நியாயம் – 7
பத்துப் பேரின் உறக்கம்

இரண்டு கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிடுவது பற்றிச் சென்ற வாரம் பேசத் தொடங்கினோம். ஒரு மருந்துக்கும் வேறொரு மருந்துக்கும், ஒரு விதைக்கும் வேறொரு விதைக்கும் பலனில் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பது எளிது. ஆனால் முழுக் கூட்டத்தையும் அளக்க வழியின்றி, அதிலிருந்து எடுத்த சிறு மாதிரியை மட்டும் அளந்து விட்டு, அளக்காத பெருங்கூட்டத்தைப் பற்றி நாம் சொல்லப் புகும் வார்த்தை எவ்வளவு தூரம் நம்பத் தக்கது என்பதே இந்தச் சாஸ்திரத்தின் ஜீவாதாரமான கேள்வி. அக்கேள்வியோடு வருஷக்கணக்காகப் போராடிய ஒருவரையும், அவர் உதாரணமாக எடுத்துக்கொண்ட பத்து நோயாளிகளின் உறக்கத்தையும் இன்று பார்ப்போம்.

வில்லியம் சீலி காஸெட் என்பது அவர் பெயர். 1876-ல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ரசாயனமும் கணிதமும் பயின்று, 1899-ல் டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையில் உத்தியோகத்தில் அமர்ந்தவர். அங்கே பார்லியைப் பற்றியும் பீரின் குணத்தைப் பற்றியும் செய்யும் சோதனைகளில் சில அளவுகளுக்கு மேல் கிடைப்பது அரிதாயிருக்க, அக்காலத்துப் புள்ளிவிவர முறைகளோ நூற்றுக்கணக்கான அளவுகள் கையில் இருப்பதாகவே பாவித்து வகுக்கப்பட்டிருந்தன. சிறு மாதிரியில் சராசரி மட்டுமன்று, அந்தச் சராசரியின் பிழையை அளக்க உதவும் திட்டவிலக்கமும் நிலையற்றது என்பதை உணர்ந்த காஸெட், அதற்கேற்ற புதிய பரவலைக் கணிதத்தால் ஊகித்தார். ஊகித்ததோடு நிற்கவும் அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. 3,000 குற்றவாளிகளின் அளவுகளை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகளாக்கி, ஒவ்வொன்றையும் கையாலேயே கணக்கிட்டுத் தம் ஊகத்தைச் சோதித்தார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சி வெளியிட ஆலை இசையாத காரணத்தால், 1908-ல் ‘பயோமெட்ரிகா’ என்னும் சஞ்சிகையில் அவருடைய கட்டுரை ‘ஸ்டூடண்ட்’, அதாவது ‘மாணவன்’ என்ற புனைபெயரோடு வெளிவந்தது.

அக்கட்டுரையில் அவர் எடுத்தாண்ட உதாரணங்களுள் ஒன்று, குஷ்னி, பீபிள்ஸ் என்னும் இருவர் 1905-ல் பிரசுரித்த அளவுகள். அமெரிக்காவின் மிஷிகன் மாகாணத்தில் மனநோய் விடுதியொன்றில் இருந்த பத்து நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகளைத் தனித்தனியே கொடுத்து, மருந்தில்லாத இரவைவிட எத்தனை மணி கூடுதலாக உறங்கினார்கள் என்று குறித்திருந்தார்கள். முதல் மருந்தால் கூடிய உறக்கம் சராசரி 0.75 மணி, இரண்டாவதால் 2.33 மணி, வித்தியாசம் 1.58 மணி.

இந்தப் பத்துப் பேரின் அளவுகள் இன்று உலகமெங்கும் கம்ப்யூட்டர்களில் வாசம் செய்கின்றன. நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘ஆர்’ என்னும் நிரல்மொழியை நிறுவினால், ‘ஸ்லீப்’ என்ற பெயரில் அவையும் கூடவே வந்து சேரும். அவற்றை ‘டி.டெஸ்ட்’ என்னும் கட்டளையிடம் ஒப்படைத்து, மருந்துக்குப் பத்தாக இருபது எண்கள் உள்ளன என்று மட்டும் சொன்னால், வித்தியாசத்துக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி -0.21 மணி முதல் 3.37 மணி வரை என்று விடை வரும். இடைவெளிக்குள் பூஜ்யமும் அடங்கியிருப்பதால், இரு மருந்துகளுக்கும் வித்தியாசமே இல்லை என்பவரையும் நாம் மறுக்க இயலாது.

ஆனால் இருபது எண்கள் இருந்தாலும் இருபது மனிதர்கள் இல்லையே! ஒவ்வொரு மருந்தையும் உண்டவர்கள் அதே பத்துப் பேர். ஏழாம் நோயாளி முதல் மருந்தால் 3.7 மணியும் இரண்டாவதால் 5.5 மணியும் கூடுதலாக உறங்கினார். ஐந்தாமவருக்கோ இரண்டாலும் உறக்கம் 0.1 மணி குறைந்ததே கண்ட பலன். மனிதருக்கு மனிதர் உள்ள இந்தப் பெரிய வேற்றுமை, மருந்துக்கு மருந்து உள்ள சிறிய வேற்றுமையை மூடி மறைத்துவிடுகிறது. அவரவர் அளவிலிருந்து அவரவர் அளவையே கழித்தால் திரை விலகும். ஒன்பது பேருக்கு இரண்டாம் மருந்தே மேலாக இருந்தது, ஒருவருக்கு இரண்டும் சமம் என்பது வெளிப்படும். அதே கட்டளையில் இவை ஜோடி அளவுகள் என்று ஒரு சொல்லைச் சேர்த்து மீண்டும் கேட்டால், இடைவெளி 0.70 மணி முதல் 2.46 மணி வரை என்று சுருங்குகிறது; பூஜ்யம் வெளியே நிற்கிறது.

இயந்திரம் இரண்டு முறையும் கணக்கில் பிழை செய்யவில்லை. அளவுகள் எவ்வாறு சேகரிக்கப்பட்டன என்ற சரித்திரம் அதற்குத் தெரியாது. தெரிந்த நாம்தான் சொல்ல வேண்டும். உண்மையிலேயே வேறு வேறு மனிதர்களைக் கொண்ட இரு கூட்டங்களாயிருந்தால் முதல் வழியே தக்கது. இரு கூட்டங்களின் சிதறலும் சமம் என்று கருதத் தேவையில்லாத, வெல்ச் என்பவர் 1947-ல் வெளியிட்ட முறையையே ‘ஆர்’ தானாகவும் கையாளும்.

95 சதவீதம் என்பதன் பொருளையும் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து இடைவெளி வகுத்துக்கொண்டே போனால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான வித்தியாசத்தைத் தம்முள் கொண்டிருக்கும் என்பதே அந்த வாக்குறுதி. நம் கையிலுள்ள ஒன்று அவற்றைச் சேர்ந்ததா என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. அன்றியும், ஒன்பதாம் நோயாளியின் வித்தியாசம் மட்டும் 4.6 மணி, மற்ற எவருக்கும் அது 2.4-ஐத் தாண்டவில்லை. பரீட்சார்த்தமாக அவரை விலக்கிக் கணக்கிட்டால், சராசரி வித்தியாசம் 1.24 ஆகக் குறைகிறது, இடைவெளி 0.74 முதல் 1.75 வரை ஆகிறது. ஆகவே இரண்டாம் மருந்து மேல் என்னும் முடிவு அவர் ஒருவரை நம்பி நிற்கவில்லை; எவ்வளவு மேல் என்பதோ அவரால் பெரிதும் மாறுகிறது. இதற்காக அவரை நிரந்தரமாக நீக்கிவிடுவது நியாயமன்று. அவரும் அந்த விடுதியில் உறங்கி விழித்த மனிதரே. இரண்டு விடைகளையும் வாசகர் முன் வைப்பதே நேர்மை.

காஸெட் அட்டைகளைக் கலைத்துக் கலைத்து எடுத்தாரே, அந்தக் காரியத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பதினாயிரம் முறை கம்ப்யூட்டரைக் கொண்டே செய்வித்து, எந்தப் பரவலையும் முன்கூட்டிக் கற்பிக்காமல், இதே பத்துப் பேரின் அளவுகளிலிருந்து இடைவெளி காணும் யுக்தியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)