90 நிமிடத்தில் எத்தனை பந்து?

வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், 8 வாரம். அமெரிக்காவில் 11, 12 வயதுப் பெண் பிள்ளைகள் ஆடும் உள்ளூர் சாஃப்ட்பால் அணி ஒன்றுக்கு இவ்வளவுதான் பயிற்சி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் உட்காரும் நேரம்தான் அது. எறிய, பிடிக்க, அடிக்க, ஓட, எந்தப் பேஸுக்கு எறிவது என்று முடிவெடுக்க, எல்லாம் அதற்குள்ளேயே கற்றுக்கொடுத்தாக வேண்டும். கோச்சுக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் அணியில் ஆடும் ஏதோ ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான் கோச்.

நேரம் போதவில்லை என்று எல்லாக் கோச்சும் சொல்வார்கள். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டால், இருக்கிற நேரத்தில் பெரும்பங்கு வரிசையில் நிற்பதிலேயே செலவாவது தெரிகிறது. கட்டட வேலையில் ஆள்-நாள் கணக்கு வைப்பார்களே, அதுபோல இங்கே பிள்ளை-நிமிடம் என்று கணக்கு வைத்துப் பார்க்கலாம். 12 பிள்ளைகள், 90 நிமிடம்: ஒரு பயிற்சிக்கு 1,080 பிள்ளை-நிமிடம் கையிருப்பு.

கிரிக்கெட்டில் வளர்ந்தவர்களுக்காக அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதினர் ஆடும் சாஃப்ட்பால் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 6.25 முதல் 7 அவுன்ஸ், கிராமில் 177 முதல் 198 வரை. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம்தான். பிட்சர் 40 அடி தூரத்திலிருந்து கையைச் சுழற்றி இடுப்புக்குக் கீழே பந்தை விடுவாள். ஓடுகிறவள் தொட வேண்டிய பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடி. கல்லூரி அளவில் வேகமாக ஓடுகிறவள் அந்த 60 அடியை 3 விநாடிக்குள் கடந்துவிடுவாள். தரையோடு வரும் பந்தை ஒரு முறை தடவினாலும் அவுட் கைவிட்டுப் போய்விடும். ஆகவே பந்து கைக்குப் பழகுவதுதான் முதல் வேலை. பழக்கம் எண்ணிக்கையால் மட்டுமே வரும்.

இந்த ஆட்டம் பிறந்தது சிகாகோவில், 1887-ஆம் ஆண்டு நன்றி நவிலல் நாளில். ஃபாரகட் படகுக் கழகத்தின் கூடத்துக்குள் ஜார்ஜ் ஹான்காக் என்பவர் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைப் பந்துபோலக் கட்டி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். கூரைக்கடியில் பிறந்த ஆட்டத்துக்கு இன்று வெளிச்சம்தான் தட்டுப்பாடு. மார்ச் நடுவில் சிகாகோவில் சூரியன் மறைவது மாலை 7 மணி வாக்கில். அதுவும் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவைப்பதால் கிடைப்பது. விளக்கில்லாத மைதானத்தில் 90 நிமிடம் வேண்டுமென்றால் 5.30-க்குத் தொடங்க வேண்டும். ஆபீஸ் விட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு 5.30-க்கு வந்து சேர எத்தனை பேரால் முடியும்?

அதனால் முதல் செலவு அங்கேயே விழுகிறது. எல்லோரும் வந்து ஷூ மாட்டி முடிக்க 8 நிமிடம். மைதானத்தைச் சுற்றி ஓடி, வட்டமாக நின்று உடம்பை வளைக்க 12. கோச் பேச 6. தண்ணீர் குடிக்க மூன்று தடவை, தடவைக்கு 4 என்று 12. சிதறிய பந்தைப் பொறுக்க 7. முடிவில் கூடிப் பேச 5. கூட்டினால் 50. மிச்சம் 40 நிமிடம். இப்படியே 8 வாரம் போனால், 12 மணி நேரத்தில் பந்தோடு கழிவது 5 மணி 20 நிமிடம்.

அந்த 40 நிமிடமும் முழுசாகப் பிள்ளைகளுக்குப் போகிறதா? பழக்கமான முறையில், 30 நிமிடம் அடிக்கும் பயிற்சி. கோச் வீசுவார், ஒரு பிள்ளை அடிப்பாள், மற்ற 11 பேரும் களத்தில் நிற்பார்கள். ஹெல்மெட் மாட்டி மட்டையோடு ஆள் மாற அரை நிமிடம். 12 பேருக்கு 6 நிமிடம் போயிற்று. மீதி 24 நிமிடத்தில், 12 விநாடிக்கு ஒரு பந்து என்றால் 120 பந்து. ஆளுக்கு 10. ஒரு பிள்ளை 2 நிமிடம் அடிக்கிறாள், 28 நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 12 பேருக்கும் சேர்த்து 336 பிள்ளை-நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். களத்தின் வலக்கோடியான ரைட் ஃபீல்டில் நிற்கும் பிள்ளை ஐந்தாவது நிமிடத்தில் ஷூ நுனியால் மண்ணில் கோலம் போடத் தொடங்கிவிடுவாள். அவள்மேல் தப்பில்லை.

இதே 12 பேரை மும்மூன்று பேராக நான்கு இடத்தில் பிரித்துப் பாருங்கள். ஓரிடத்தில் டீ எனப்படும் ரப்பர்த் தண்டின்மேல் பந்தை வைத்து வலைக்குள் அடிப்பது. இரண்டாவதில் பக்கத்தில் மண்டியிட்டு ஒருத்தி தூக்கிப்போட, இன்னொருத்தி அடிப்பது. மூன்றாவதில் பெரியவர் ஒருவர் தடுப்புக்குப் பின்னாலிருந்து மெதுவாக வீசுவது. நான்காவதில் மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தைத் தட்டிவிடும் பன்ட். ஒவ்வொரு இடத்திலும் 6 நிமிடம். ஒருத்தி அடிக்க, ஒருத்தி பந்து கொடுக்க, ஒருத்தி பொறுக்க, ஆளுக்கு 2 நிமிடம். இடம் மாறவும் ஏற்பாட்டுக்கும் 4 நிமிடம். ஆக 28 நிமிடம். டீயில் 20, தூக்கிப்போட்டதில் 16, வீச்சில் 12, பன்டில் 12: ஆளுக்கு 60. முன்பு 30 நிமிடத்தில் 10 அடித்தவள் இப்போது 28 நிமிடத்தில் 60 அடிக்கிறாள். சீசன் முழுதும் 80 இருந்த இடத்தில் 480.

தூக்கிப்போட்டு வேலியைப் பார்த்து அடிக்கும் இரண்டாவது இடத்துக்கு நிஜப் பந்து வேண்டாம். பல பூங்காக்களில் கம்பி வேலியைப் பார்த்துப் பந்து அடிக்கக் கூடாது என்று வேலியிலேயே பலகை கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அடித்து அடித்துக் கம்பி பிதுங்கிவிடுகிறது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து போதும். வேலிக்கும் நல்லது, பக்கத்தில் மண்டியிட்டிருப்பவளின் பல்லுக்கும் நல்லது.

தரைப்பந்து கணக்கு இதைவிட மோசம். கோச் மட்டையால் ஒவ்வொரு இடமாக அடித்துவிட, பிள்ளை எடுத்து முதல் பேஸுக்கு எறிய, பந்து திரும்பிவர 15 விநாடி. 10 நிமிடத்தில் 40 பந்து. 12 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றே சொச்சம். 8 வாரத்துக்கு 27. இருவர் இருவராக 15 அடி இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி, கையால் உருட்டச் சொன்னால் 6 விநாடிக்கு ஒரு பந்து. 5 நிமிடத்தில் ஆளுக்கு 25. சீசனுக்கு 200. மட்டை வேண்டாம், பெரியவர் வேண்டாம், மண் தரைகூட வேண்டாம். அடித்த பந்தின் துள்ளல் உருட்டிய பந்தில் வராது என்பது உண்மை. ஆனால் முட்டி மடித்துக் கையுறையைத் தரையில் வைக்கப் பழகாத பிள்ளைக்கு வாரம் மூன்று துள்ளல் பந்தால் என்ன வந்துவிடும்?

அடுத்தது எறிந்து பிடிப்பது. இங்கேதான் காசும் நேரமும் ஒரே கணக்கில் சந்திக்கின்றன. 6 ஜோடி, 8 நிமிடம், ஏழரை விநாடிக்கு ஓர் எறி. தவறாமல் போனால் ஜோடிக்கு 64 எறி. ஆனால் இந்த வயதில் நாலுக்கு ஒன்று கைதாண்டிப் போகும் என்று வையுங்கள். பின்னால் ஓடி எடுத்துவர 15 விநாடி. 64 என்பது 43-க்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு, பந்தைத் துரத்துவதிலேயே போயிற்று. ஒவ்வொருத்தியின் காலடியிலும் ஒரு உபரிப் பந்து வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் துரத்த வேண்டாம். உபரி தீர்ந்ததும் மொத்தமாகப் பொறுக்கலாம். அதற்கு வேண்டியது 12 பந்து, சுமார் 50 டாலர். 6 ஜோடிக்கும் சேர்த்து சீசனில் மிச்சமாகும் எறி சில நூறு. எறிக்குச் சில சென்ட்தான். இதைவிட மலிவாக இந்த ஆட்டத்தில் எதுவும் வாங்க முடியாது.

மற்றச் சாமான்களுக்கும் பட்டியல் போட்டுவிடலாம். விலை கடைக்குக் கடை மாறும், முழு எண்ணாக்கியிருக்கிறேன். டீ இரண்டு 60 டாலர், பிளாஸ்டிக் பந்து மூன்று டஜன் 45, மேற்சொன்ன பந்து 50, மடக்கு வலை ஒன்று 80, தட்டைக் கூம்புகள் 10, ஹார்டுவேர் கடையில் 5 காலன் வாளி இரண்டு 10. மொத்தம் 255. 12 குடும்பம் பகிர்ந்தால் வீட்டுக்கு 21 டாலர் 25 சென்ட். பெயர்பெற்ற கம்பெனியின் உயர்ரக காம்பொசிட் மட்டை ஒன்று 350 டாலருக்கு மேல் விற்கிறது. பத்தே பந்து அடிக்கும் பிள்ளைக்கு அந்த மட்டையை வாங்கிக்கொடுத்துவிட்டு, அணிக்கு டீ வாங்கக் காசில்லை என்று சொல்லும் பெற்றோரை என்னவென்பது!

நிமிடக் கணக்கைத் திருத்தி எழுதினால் இப்படி வரும். வந்ததும் பேஸ் சுற்றி ஓடி உடம்பைச் சூடேற்ற 6 நிமிடம்; மைதானத்தைச் சுற்றும் ஓட்டம் வேண்டாம், இது 60 அடிப் பாய்ச்சல் ஆட்டம். தாமதமாக வருகிறவள் நேரே வந்து சேர்ந்துகொள்ளலாம், யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. எறிந்து பிடிக்க 8. தரைப்பந்து 5, உயரப் பந்து 5. அடிப்பது 28. தண்ணீர் 3, கோச் பேச வேண்டியதை அப்போதே பேசிவிடலாம். 6 நிமிடப் பேச்சுக்கு விலை 72 பிள்ளை-நிமிடம் என்பதை நினைவில் வைத்தால் பேச்சு தானாகச் சுருங்கும். ஆட்டம்போலவே ஆடிப் பார்க்க 20, ஓட்டப் போட்டி 10, பொறுக்கிக் கட்ட 5. மொத்தம் 90.

அந்த 20 நிமிடத்தில் மட்டும் பந்து எண்ணிக்கை உதவாது. 9 பேர் களத்தில், 3 பேர் ஹெல்மெட்டோடு ஓட. 5 நிமிடத்துக்கு ஒரு முறை மூவர் மாறுவார்கள். முதல் பேஸில் ஓர் ஆள், ஓர் அவுட் என்று சொல்லிவிட்டுக் கோச் பந்தைத் தட்டிவிடுகிறார். நிமிடத்துக்கு இரண்டு என்றால் 40 தடவை. ஒவ்வொருத்தியும் களத்தில் இருப்பது 30 தடவை. ரைட் ஃபீல்டு பிள்ளை கையில் பந்து இரண்டு முறைதான் படும். ஆனால் முதல் பேஸுக்குப் பந்து எறியப்படும்போதெல்லாம், தவறினால் பிடிக்க அவள் பின்னால் ஓடிவர வேண்டும். இங்கே எண்ண வேண்டியது அந்த ஓட்டத்தை. 6 இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்றில் எடுக்க வேண்டிய அவுட் 18-தான் என்பதால், இந்த 20 நிமிடம் ஓர் ஆட்டத்தை விட அதிகமாகவே கற்றுத்தரும். இதை வெட்டிவிட்டு மட்டையடியைக் கூட்டும் கோச்சுகளோடு எனக்கு உடன்பாடில்லை.

பிட்சருக்கு 90-க்குள் இடமே கிடையாது. அவளும் கேட்சரும் 15 நிமிடம் முன்னதாக வந்தால் 60 வீச்சு கிடைக்கும், மிச்சம் வீட்டில்தான். வாளி மூடியில் மெத்தை தைத்து விற்கிறார்கள். கொல்லைப்புறத்தில் அதன்மேல் உட்கார்ந்து மகளின் வீச்சைப் பிடிக்கும் அப்பாக்கள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான பேஸ்பால், சாஃப்ட்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பேஸ்பாலில் 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 வீச்சு என்று உச்சவரம்பு உண்டு. சாஃப்ட்பாலில் வரம்பு இன்னிங்ஸ் கணக்கில்தான். கீழ்வழி வீச்சால் தோள் களைக்காது என்று நம்பி விட்டுவிடாமல், வீட்டு வீச்சையும் சேர்த்து எண்ணிக் குறித்துவைப்பது நல்லது.

இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பெரியவர்கள் மூவராவது வேண்டும். ஒருவர் வீச, ஒருவர் டீ பக்கம் நின்று தப்பான அடியைத் திருத்த, ஒருவர் கடிகாரமும் பன்டும் பார்க்க. தவறான அடியை 60 முறை அடித்தால் தவறுதான் பதிந்துபோகும். சிகாகோவின் புறநகர்களான நேப்பர்வில், அரோரா பக்கத்து மைதானங்களில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. நமக்கு கிரிக்கெட்தான் தெரியும் என்பது சாக்கு. பந்தை உருட்டவும் கடிகாரம் பார்க்கவும் சாஃப்ட்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நினைத்த மாத்திரத்தில் களத்தில் இறங்க முடியாது. தொடர்ந்து உதவும் தன்னார்வலருக்கு லிட்டில் லீக் ஆண்டுதோறும் பின்னணிச் சோதனை நடத்தியாக வேண்டும். ஆகவே பிள்ளையின் பெயரைப் பதியும்போதே தன்னார்வலர் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.